சீட் நுனிக்கு யாரும் வரவில்லையா? சஸ்பென்ஸ் காட்சியைப் பழுது பார்க்கும் முறை

நான் எடுத்த முதல் குறும்படம் 14 நிமிடம். ஒரு வாடகை வீடு, மாடியில் வீட்டுக்காரர், அவர் வெளியே போன நேரத்தில் சாவி கையில் கிடைத்த ஒரு பையன். அந்தப் பையன் பீரோவைத் திறந்து எதையோ தேடும் காட்சி மட்டும் மூன்றரை நிமிடம் ஓடும். நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினேன். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்த இடத்தில், முன்னால் இருந்தவர் திரும்பி, "அந்த முறுக்கு டப்பாவை இப்படித் தள்ளுங்க" என்றார்.

அதற்கப்புறம் படம் எடுப்பதைவிட மற்றவர்கள் எடுத்ததை வெட்டிக் கொடுப்பதுதான் அதிகம். வருகிற தம்பிகள் சொல்வது பெரும்பாலும் ஒரே புகார்: "சஸ்பென்ஸ் ஒர்க் ஆகல அண்ணா." வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மெக்கானிக்கிடம் சொல்கிற மாதிரிதான் இது. பெட்ரோல் இல்லையா, பிளக் கருகிவிட்டதா, பேட்டரி போய்விட்டதா என்று பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. அதனால் அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடிப் போகிறேன். உங்கள் படத்துக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேரே போய்விடலாம்.

உதாரணங்கள் பெரும்பாலும் சஸ்பென்ஸ் பட இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் படங்களிலிருந்துதான் வரும். 1920களின் மௌனப் படங்களில் தொடங்கி 1976 வரை இந்த ஒரே பட்டறையில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று அவரே வாய் திறந்து சொல்லியும் இருக்கிறார். கதை முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சோதனை

படத்தை இதுவரை பார்க்காத ஒருவரை உட்கார வையுங்கள். பதற்றக் காட்சியின் நடுவில் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள். "இப்ப என்ன நடந்துடக் கூடாதுன்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். "என்ன நடக்கும்" என்று கேட்டால் துப்பறியும் மூளை விழித்துக்கொள்ளும், ஜோசியம் சொல்ல ஆரம்பிப்பார்கள். "நடந்துடக் கூடாது" என்று கேட்டால்தான் பயம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

"தெரியலையே" என்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். "அவன் மாட்டிப்பான், ஆனா அதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றால் இரண்டாவது. "அந்த ஆள் எங்க நிக்கிறான்?" என்று உங்களையே திருப்பிக் கேட்டால் மூன்றாவது. "மாட்டிக்கட்டுமே, எனக்கென்ன" என்றால் ஐந்தாவது. "டேய், ப்ளே பண்ணுடா!" என்று கத்தினால் காட்சியில் கை வைக்காதீர்கள், அது நன்றாக இருக்கிறது.

அறிகுறி 1: தூக்கிவாரிப் போடுகிறது, ஆனால் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை

இதுதான் அதிகம் வருகிற கேஸ். கதவு படாரென்று திறக்கிறது, வில்லன் நிற்கிறான், பார்ப்பவர் ஒரு துள்ளு துள்ளுகிறார். அதற்கு முந்தைய மூன்று நிமிடமும் அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

காரணம்: ரகசியத்தைப் பாத்திரத்திடமிருந்து மறைக்கும் ஆர்வத்தில் பார்வையாளரிடமிருந்தும் மறைத்துவிட்டீர்கள்.

1962இல் ஃபிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ரூஃபோ ஒரு வாரம் உட்கார்ந்து ஹிட்ச்காக்கைப் பேட்டி எடுத்தார். அதில் சொன்ன மேசைக்கடியில் குண்டு உதாரணத்தைச் சினிமாப் பட்டறைக்குப் போன எல்லாருமே கேட்டிருப்பீர்கள். இரண்டு பேர் மேசையில் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது: கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டை வைப்பதை முதலிலேயே காட்டி, ஒரு மணிக்கு வெடிக்கும் என்று சொல்லி, சுவர்க் கடிகாரத்தில் ஒன்றுக்கு 15 நிமிடம் இருப்பதையும் காட்டிவிட்டால், அதே அசட்டுப் பேச்சு 15 நிமிடப் பதற்றமாகிவிடுகிறது. எல்லாருக்கும் இது தெரியும். எடிட்டிங் டைம்லைன் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாரும் மறந்தும்விடுகிறார்கள், நான் உட்பட.

சரி செய்யும் விதம்: புதிதாக எதையும் எடுப்பதற்கு முன் இருக்கிற ஷாட்டை இடம் மாற்றிப் பாருங்கள். என் பீரோ காட்சியில், வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் ஷாட் ஒன்று இருந்தது. பையன் பீரோவை மூடிய பிறகு அதை வைத்திருந்தேன், ஒரு ட்விஸ்ட் மாதிரி. மாடியில் பட்ட அவமானத்துக்கு இரண்டு வாரம் கழித்து, அந்த ஒரு ஷாட்டைப் பையன் பீரோவைத் திறப்பதற்கு முன்னால் இழுத்து வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. அதே மூன்றரை நிமிடம். இந்த முறை பார்த்தவர், "சீக்கிரம்டா, சீக்கிரம்டா" என்று முனகினார். ஒரு திருடனுக்கு!

இழுத்து வைக்க ஷாட்டே இல்லையென்றால், பிற்பாடு எடுத்து ஒட்டும் ஒரு பேட்ச் ஷாட் போதும். கேட் தாழ்ப்பாள், மாடிப்படியில் ஒரு நிழல், சார்ஜில் போட்ட போனில் வரும் ஒரு அழைப்பு. ஒலி மட்டும்கூடப் போதும்.

"எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் படத்துல என்ன இருக்கு?" என்று ஒரு தம்பி சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. 'வெர்டிகோ' (1958) எந்த நாவலிலிருந்து எடுக்கப்பட்டதோ, அதில், செத்துப்போன காதலியின் சாயலில் நாயகன் பார்க்கும் பெண் உண்மையில் யார் என்பது கடைசியில்தான் தெரியும். படத்தில் கணிசமான பகுதி மிச்சம் இருக்கும்போதே ஹிட்ச்காக் அதைப் போட்டு உடைத்துவிட்டார். கூட இருந்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றார்களாம், ட்ரூஃபோவிடம் அவரே சொல்கிறார். ஆனால் உடைத்ததனால்தான், 'இவள் யார்' என்ற கேள்வி போய் 'இவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்ற கேள்வி வருகிறது. முதல் கேள்வி புதிர். இரண்டாவதுதான் வயிற்றைப் பிசைகிறது.

எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது என்பதற்கு நம் பக்கத்திலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. ஜீத்து ஜோசப் மலையாளத்தில் 2013இல் 'த்ரிஷ்யம்' என்றும் தமிழில் 2015இல் 'பாபநாசம்' என்றும் எடுத்த கதை. கொலை எப்படி நடந்தது, யார் செய்தது, குடும்பம் என்ன பொய் சொல்லப் போகிறது, எல்லாமே நமக்குத் தெரியும். அதனால்தான் போலீஸ் சின்னப் பெண்ணைப் பார்த்து ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் நமக்கு வியர்க்கிறது. உடல் எங்கே போனது என்ற ஒன்றை மட்டும் கடைசி ஷாட் வரை பெட்டிக்குள் வைத்திருக்கிறார். பத்தில் ஒன்பதைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டார். நம் ஆட்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்பதை வைத்துக்கொள்கிறார்கள்.

அறிகுறி 2: ஆபத்து தெரிகிறது, ஆனாலும் படம் லேக் அடிக்கிறது

குண்டைக் காட்டியாகிவிட்டது. ஆனாலும் ஆறின டீ மாதிரி இருக்கிறது. இதற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஒன்று, எதுவும் குறையவில்லை. பார்வையாளர் கண்ணெதிரே ஏதாவது ஒன்று தீர்ந்துகொண்டே வர வேண்டும். கடிகாரம்தான் வேண்டும் என்பதில்லை, சொல்லப்போனால் டிக் டிக் கடிகாரம் இன்று கொஞ்சம் அலுத்துவிட்டது. 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் ஒரு விருந்து வருகிறது. கீழே நிலவறையின் பூட்டைத் திறந்து கதாநாயகனும் நாயகியும் துருவிக்கொண்டிருக்கிறார்கள், சாவி நாயகி தன் கணவனிடமிருந்து திருடியது. மேலே ஷாம்பெயின் பாட்டில்கள் ஐஸில் கிடக்கின்றன. விருந்தாளிகள் குடிக்கக் குடிக்கப் பாட்டில் குறைகிறது. தீர்ந்துவிட்டால் இன்னும் எடுத்து வர யாராவது நிலவறைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். ஹிட்ச்காக் பாட்டில்களைக் காட்டுகிறார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் காட்டுகிறார். அவ்வளவுதான். அங்கே கடிகாரம் ஐஸ் தொட்டிக்குள் இருக்கிறது.

நம் வீட்டுக் கதைக்கு இது எதுவாகவும் இருக்கலாம்: போன் சார்ஜ், அடுப்பில் பொங்கப் போகிற பால், பந்தியில் கடைசி வரிசை, தண்ணீர் லாரி வந்து நின்று ஆட்கள் குடத்தோடு ஓடிக் காலியாகும் தெரு. உங்கள் காட்சியில் ஏற்கெனவே ஏதோ ஒன்று தீர்ந்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் அதைக் காட்டாமல் விட்டிருப்பீர்கள்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுணுக்கம். திரும்பத் திரும்ப ஒரே ஷாட்டுக்கு வருகிறீர்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அதில் அதே செய்திதான் இருக்கிறது. கதவு, முகம், கதவு, முகம், கதவு. மூன்றாவது தடவையே பார்வையாளர் வாட்ஸ்அப்பைத் திறந்துவிடுவார்.

பறவைகள் மனிதர்களைத் தாக்கும் கதையான 'த பேர்ட்ஸ்' (1963) படத்தின் பள்ளிக்கூடக் காட்சியை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பாருங்கள். நாயகி மெலனி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள், அந்தப் பாட்டோ முடிகிற பாட்டாக இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டம். அதில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. அவள் முகம். இப்போது இன்னும் சில காகங்கள். அவள் முகம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கூட்டம் கூடியிருக்கிறது. அதற்கப்புறம்தான் அந்த மனிதரின் குறும்பு: கம்பியைக் காட்டுவதையே நிறுத்திவிட்டு அவள் முகத்தில் நிற்கிறார், ரொம்ப நேரம். எண்ணிக்கை என்ன ஆயிற்றோ என்று நாம்தான் தவிக்கிறோம். கடைசியில் அவள் வானத்தில் ஒற்றைக் காகம் பறப்பதைப் பார்க்கிறாள், கண்ணாலேயே பின்தொடர்கிறாள், அது போய் உட்காரும் இடத்தில் சட்டம் முழுக்கக் கறுப்பு.

இதிலிருந்து எடுக்கும் சோதனை: உங்கள் காட்சியில் திரும்ப வரும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில், முந்தைய முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரி கிடைக்காத ஷாட்டைத் தூக்கிவிடுங்கள். காட்சி சின்னதாகிவிடுமே என்று கவலை வேண்டாம். மூன்றரை நிமிடம் என்பது சாமி கொடுத்த அளவு இல்லை.

அறிகுறி 3: யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரியவில்லை

குளோசப் மேல் குளோசப் வைத்து வெட்டியிருப்பீர்கள். கண், கை, வியர்வை, கத்தி, செருப்பு. வேகம் இருக்கிறது, இடம் இல்லை. வில்லன் பக்கத்து அறையில் இருக்கிறானா தெருவில் இருக்கிறானா என்று தெரியாதவருக்கு அவன் நெருங்கி வருகிறான் என்பது எப்படித் தெரியும்?

மருந்து: பதற்றம் தொடங்குவதற்கு முன்னால், நிதானமாக இருக்கும்போதே, இடத்தைக் காட்டிவிடுங்கள். ஒரு நல்ல லாங் ஷாட். யாராவது ஒருவர் அந்த அறையிலிருந்து இந்த அறைக்குச் சும்மா நடந்து வந்தால் இன்னும் நல்லது. 'ரியர் விண்டோ' (1954) படத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் காலில் மாவுக்கட்டுப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு புகைப்படக்காரரின் அறையிலிருந்தே பார்க்கிறோம். எதிர் வீட்டு ஜன்னல்கள், நடைவழி, சந்து எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நம் கண்ணில் பதிந்து போகின்றன. காதலி எதிர் வீட்டுக்குள் புகுந்து தேடும்போது, கொலைகாரன் திரும்பி வருவதை நாயகனும் நாமும் ஒரே சமயத்தில் பார்க்கிறோம். நாயகனால் எழுந்து ஓட முடியாது, கத்தினாலும் கேட்காது. நாம் தியேட்டர் சீட்டில் இருக்கும் நிலைமையும் அதுதான்! முதல் ஒரு மணி நேரம் நம் கண்ணுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்காவிட்டால் இந்த இரண்டு நிமிடம் ஒன்றுக்கும் உதவாது.

அறிகுறி 4: ஆர்.ஆர். (பின்னணி இசை) போட்டால் சரியாகிவிடும் என்று விட்டது, போட்டும் சரியாகவில்லை

படத்தை மியூட்டில் ஓட விடுங்கள். பதற்றம் துளிகூட இல்லையென்றால் பிரச்சினை இசையில் இல்லை, மேலே உள்ள மூன்றில் ஒன்று. இசையமைப்பாளரை நடு ராத்திரியில் எழுப்பாதீர்கள்.

மியூட்டில் நன்றாக இருந்து, இசை சேர்த்ததும் கெட்டுப் போகிறதா? அப்படியென்றால் இசை முந்திக்கொள்கிறது. பையன் பீரோவுக்குப் பக்கத்தில் போவதற்கு முன்பே வயலின் 'போகாதே' என்று கூவினால், பார்வையாளர் செய்ய வேண்டிய வேலையை வயலின் செய்துவிடுகிறது. 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் நாயகனை ஒரு குட்டி விமானம் துரத்தும் காட்சி இருக்கிறதே, அதில் துரத்தல் முடிகிற வரை இசையே கிடையாது. காற்று, போகிற வருகிற கார்கள், விமானத்தின் இரைச்சல், அவ்வளவுதான். விமானம் டேங்கர் லாரியில் மோதிய பிறகுதான் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கையைத் தூக்குகிறார். 'த பேர்ட்ஸ்' படத்தில் பின்னணி இசை என்று வழக்கமாகச் சொல்கிற எதுவுமே இல்லை. பறவைகளின் சத்தத்தை மின்னணுக் கருவியில் செய்து அதையே இசையாக வைத்தார்கள்.

அந்த விமானக் காட்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டப்பகல். நாலாபுறமும் பொட்டல். ஒருவனைக் கொல்ல வரச் சொல்கிறார்கள் என்றால் இருட்டுச் சந்து, தெருவிளக்கு, சுவரோரம் ஓடும் கறுப்புப் பூனை என்றுதான் எல்லாரும் எடுப்பார்கள். அதனாலேயே அதற்கு நேர் எதிராக யோசித்தேன் என்கிறார் ஹிட்ச்காக். நம் குறும்படங்களில் பாதிக்கு மேல் இருட்டில் எடுத்து, கலர் கரெக்‌ஷனில் இன்னும் இருட்டாக்கி, கடைசியில் மொபைலில் பார்க்கும்போது நம் முகம்தான் திரையில் தெரிகிறது. ஒரு தடவை மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்துப் பாருங்களேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். ஹெர்மன் கேட்கவில்லை. தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதி, போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் உடனே மனசை மாற்றிக்கொண்டார். அந்தக் கிறீச்சிடலைக் கழித்துவிட்டு இன்று அந்தக் காட்சியை நினைக்கவே முடியாது. ஆனால் அது அதிர்ச்சிக்கான இசை. கத்தி வந்த பிறகு வருகிற இசை. அதற்கு முன்னால் அவள் தண்ணீரில் நனைந்துகொண்டு நிற்கும்போது, திரைச்சீலைக்குப் பின்னால் நிழல் வரும்போது, காதில் விழுவது ஷவர் சத்தம் மட்டும்தான்.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவில் பாட்டு வந்து பதற்றத்தை உடைக்கிறது என்று முழுநீளப் படம் எடுக்கும் நண்பர்கள் புலம்புவார்கள். 1954இலேயே வீணை எஸ். பாலசந்தர் ஒரு பாட்டுகூட இல்லாமல் 'அந்த நாள்' எடுத்துவிட்டார். சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே சுடப்பட்டு விழுவார், மிச்சப் படம் யார் சுட்டது என்பது. இத்தனைக்கும் எடுத்தவர் அடிப்படையில் சங்கீதக்காரர்.

அறிகுறி 5: "யார் செத்தா எனக்கென்ன"

இந்தப் பதில் வந்தால் உடனே எல்லாரும் செய்கிற தப்பு, நாயகனுக்கு ஒரு சோகமான ஃப்ளாஷ்பேக் வைப்பது. ஆஸ்பத்திரியில் அம்மா, கட்ட முடியாத பீஸ். பார்வையாளர் இதற்கு மசிய மாட்டார், ஆயிரம் தடவை பார்த்துவிட்டார்.

கைவேலை கொடுத்துப் பாருங்கள். ஒருவர் ஒரு காரியத்தைக் கவனமாக, சிரமப்பட்டுச் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், அது முடிய வேண்டும் என்று நமக்கே தோன்றிவிடும். நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் அப்புறம். 'சைக்கோ'வில் நமக்குப் பிடித்துப்போன பெண் செத்துவிட்டாள். அவள் தங்கிய மோட்டலை நடத்தும் நார்மன் வந்து குளியலறையைக் கழுவுகிறான், துடைக்கிறான், உடலைக் கார் டிக்கியில் வைக்கிறான், காரைச் சேற்றுக் குளத்தில் தள்ளுகிறான். கார் முழுகுகிறது, முழுகுகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. தியேட்டரில் எல்லாரும் 'ஐயோ' என்கிறார்கள். குற்றத்தை மறைக்கிறவனுக்காக! மறுபடியும் கார் இறங்கத் தொடங்கியதும் ஒரு பெருமூச்சு. துடைப்பத்தோடு அவன் பட்ட பாட்டை நாம் கூடவே இருந்து பார்த்ததுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். என் பீரோப் பையனுக்கு நடந்ததும் இதுதான், தெரியாமல் நடந்தது.

ஒரு எச்சரிக்கை: இதற்கு நேரம் பிடிக்கும். ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ 1953இல் எடுத்த 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' படத்தில் லேசாகக் குலுங்கினாலே வெடிக்கும் நைட்ரோகிளிசரின் ஏற்றிய லாரிகள் கிளம்பவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. அதுவரை ஒரு வெயில் காயும் ஊரில் வேலையில்லாத ஆட்களோடு சும்மா கிடக்கிறோம். குறும்படத்தில் அந்த வசதி இல்லை. உங்களுக்கு இருப்பது 40 விநாடி. அதை அழுகைக்குக் கொடுக்காமல் ஒரு வேலைக்குக் கொடுங்கள்.

அறிகுறி 6: படம் முடிந்ததும் திட்டுகிறார்கள்

பதற்றம் உச்சத்தில் இருந்தது, எல்லாம் சரியாகப் போயிற்று, ஆனாலும் வெளியே வந்தவர் முகத்தில் கடுப்பு. ஹிட்ச்காக்கும் இதில் அடி வாங்கியிருக்கிறார். 'சபோட்டாஜ்' (1936) படத்தில் ஒரு சிறுவன் ஃபிலிம் டப்பாக்களோடு ஒரு பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு லண்டன் தெருவில் போகிறான். அதில் குண்டு இருப்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வழியில் வேடிக்கை, ஊர்வலம், நெரிசல். பஸ்ஸில் பக்கத்து சீட்டு நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். கடிகாரங்கள் ஓடுகின்றன. குண்டு வெடித்து, பையன், நாய்க்குட்டி, பஸ் எல்லாம் போய்விடுகிறது. பார்வையாளர்கள் கோபப்பட்டார்கள். அது தன் தப்பு என்று அவர் பிற்பாடு பல தடவை ஒப்புக்கொண்டார். அவ்வளவு நேரம் ஏற்றிய பாரத்தை எங்காவது இறக்கி வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. இறக்கி வைக்காததனால்தான் தொண்ணூறு வருஷம் ஆகப்போகும்போதும் அந்தப் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நீங்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறீர்களா, இல்லை முடிக்கத் தெரியாமல் வெடிக்க விட்டீர்களா? இரண்டாவது என்றால் ஹிட்ச்காக் சொல்வதைக் கேளுங்கள்.

அறிகுறி 7: நன்றாக இருக்கிறது, ஆனால் அச்சு அசலாக வேறு யாரோ எடுத்த மாதிரி இருக்கிறது

இதைச் சொல்லும்போதுதான் தம்பிகளுக்கு முகம் சுண்டிப் போகும். ரெஃபரன்ஸ் ஃபோல்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள், பிடித்த படங்களின் ஸ்க்ரீன்ஷாட்கள் நானூறு. தரையோடு கேமரா, பின்னால் சிவப்பு விளக்கு, ஜன்னல் கம்பி வழியே முகம். ஒவ்வொன்றும் அழகு. எதற்காக அங்கே வைத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

இதற்குக் காரணம் தேடினால், பாணி முதலில் வந்து படம் பின்னால் வருகிறது. வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டியிருக்கிறார்கள்.

ஹிட்ச்காக்கின் பாணி எப்படி வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒன்று இல்லாமல் போனதால் வந்தது. லண்டனில் ஒரு ஸ்டூடியோவில் மௌனப் படங்களுக்கு, நடுவில் வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டை வரைவதுதான் அவருடைய முதல் சினிமா வேலை. 1924இல் ஜெர்மனிக்கு ஒரு படத்தில் வேலை செய்யப் போனபோது, அதே வளாகத்தில் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் படம் எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். எழுத்து அட்டையே இல்லாமல், படத்தாலேயே கதை சொல்ல முயன்றுகொண்டிருந்தார் முர்னாவ். அட்டை வரைந்து சம்பளம் வாங்கியவருக்கு அது எப்படி உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1927இல் வெளிவந்த 'தி லாட்ஜர்' படத்தில் ஒரு பிரச்சினை: மாடியில் குடியிருப்பவன் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான், கீழே இருப்பவர்களுக்கு அது கேட்கிறது, படமோ மௌனப் படம். கேட்பதை எப்படிக் காட்டுவது? கூரையில் தொங்கும் விளக்கு ஆடுகிறது. கண்ணாடியில் தளம் போட்டு, நடக்கும் கால்களைக் கீழேயிருந்து படம் பிடித்தார். 14 வருஷம் கழித்து 'சஸ்பிஷன்' (1941) படத்தில் இன்னொரு பிரச்சினை: கணவன் இருட்டில் மாடிப்படி ஏறிக் கொண்டுவரும் பாலில் விஷம் இருக்குமோ என்ற சந்தேகத்தில், எல்லார் கண்ணும் டம்ளரில் நிற்க வேண்டும். பாலுக்குள் ஒரு சின்ன பல்பை வைத்து எரிய விட்டார். இரண்டு தந்திரமும் வேறு வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான்: பார்ப்பவரின் கவனத்தை நான் எங்கே நிறுத்த வேண்டும்? அந்த ஒரே கேள்விக்கு ஐம்பது வருஷம் பதில் சொல்லிக்கொண்டே போனதைத்தான் நாம் ஹிட்ச்காக் பாணி என்கிறோம்.

வேறு ஆளைப் பார்த்தாலும் இதே கதைதான். 'ஜாஸ்' (1975) எடுக்கும்போது இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் மக்கர் பண்ணிக்கொண்டே இருந்தது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாளுக்கு இழுத்தது. சுறா வேலை செய்யவில்லை என்பதால் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமல் மஞ்சள் பீப்பாய்களைக் காட்டினார். பீப்பாய் தண்ணீருக்குள் அமுங்கினால் சுறா கீழே இருக்கிறது. இன்று அதை மேதைத்தனம் என்கிறோம். அன்று தலையில் துண்டு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு, உங்களிடம் இல்லாதவற்றைப் பட்டியல் போடுங்கள். நடிகர் நாள் பூராவும் கிடைக்க மாட்டார், வீடு ஒரு அறைதான், விளக்கு இரண்டு, பக்கத்தில் கோயில் ஸ்பீக்கர். ஒவ்வொன்றையும் காட்சிக்கு உள்ளே எப்படிக் கொண்டுவரலாம் என்று பாருங்கள். கோயில் ஸ்பீக்கர் ஓடும்வரைதான் பையன் பீரோவை உடைக்க முடியும், பாட்டு நின்றால் சத்தம் கேட்கும் என்று வைத்தால், உங்கள் தொல்லையே உங்கள் கடிகாரம் ஆகிவிட்டது. இதை எந்த ரெஃபரன்ஸ் ஃபோல்டரிலும் தேடி எடுக்க முடியாது.

இதிலேயே ஒரு கிளை நோய் உண்டு. பாணி பிடித்துப் போய், தேவையில்லாத இடத்திலும் அதையே செய்வது. 'ரோப்' (1948) படத்தை ஹிட்ச்காக் பத்து நிமிடம் வரை நீளும் நீண்ட ஷாட்களில் எடுத்தார். பிற்பாடு ட்ரூஃபோவிடம் அது ஒரு வித்தை, அதில் அர்த்தமே இல்லை என்கிற அளவுக்குத் தள்ளிவிட்டார். பெரும்பகுதிக்கு அது உண்மைதான். ஆனால் ஒரு இடம் இருக்கிறது. பிணம் உள்ளே கிடக்கும் பெட்டிமேல் கொலைகாரர்கள் விருந்துச் சாப்பாடு வைத்திருந்தார்கள். பணிப்பெண் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து உள்ளே கொண்டுபோகிறாள், திரும்பி வருகிறாள், விரிப்பை எடுக்கிறாள், புத்தகங்களைக் கொண்டுவருகிறாள். பெட்டியைத் திறந்து அடுக்கத்தான். மற்றவர்கள் திரைக்கு வெளியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா அசையவில்லை, கட்டும் இல்லை. நீண்ட ஷாட் அங்கே தேவையாக இருந்தது, அதனால் கொல்கிறது.

தன் படங்களில் அவர் ஒரு விநாடி தலை காட்டுவாரே, அதுவும் இதே நோய்க்கு ஆளானது. ஜனங்கள் கதையை விட்டுவிட்டு அவரைத் தேட ஆரம்பித்தார்கள். அதனால் முடிந்தவரை ஆரம்பத்திலேயே வந்து போய்விட்டார். உங்கள் முத்திரை ஷாட்டும் பதற்றக் காட்சிக்கு நடுவில் வந்து கையாட்டுகிறதா என்று பாருங்கள். ஆட்டினால் தூக்கி முதல் ரீலில் போடுங்கள்.

வெட்டத் தொடங்குவதற்கு முன்

பழைய எடிட்டை அழிக்காதீர்கள். தேதி போட்டுத் தனியாக வையுங்கள். பாதி நேரம் மூன்றாவது திருத்தத்தைவிட முதலாவதுதான் நன்றாக இருக்கும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புது ஆள் வேண்டும். ஒரு தடவை பார்த்தவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அவரிடம் பயத்தை அளக்க முடியாது. நண்பர்களை ஒரேயடியாகக் கூப்பிட்டுத் தீர்த்துவிடாமல், ஒவ்வொருவராகச் செலவழியுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: எத்தனை தடவை பார்த்தாலும் முதல் தடவை மாதிரி குறை சொல்லும் ஒருவர் கிடைத்தால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1979இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வாழ்நாள் விருது கொடுத்தபோது, நான்கு பேருக்கு மட்டும் பெயர் சொல்லி நன்றி சொல்கிறேன் என்றார் ஹிட்ச்காக்: ஒரு எடிட்டர், ஒரு திரைக்கதை எழுத்தாளர், தன் மகளின் தாய், வீட்டுச் சமையலில் அற்புதங்கள் செய்தவர். நான்கு பேரின் பெயரும் அல்மா ரெவில்தான், அவருடைய மனைவி.

எனக்கு அப்படி அமைந்தவர் அந்த முறுக்கு டப்பா கேட்டவர். இப்போதெல்லாம் ஒரு கட் முடிந்ததும் அவருக்குத்தான் முதல் போன். டப்பாவை அவருக்குக் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.